இல்லாத ஃபோட்டோஷாப்பை இருக்கிறது என்பது யார்?

கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் எந்த ஸ்டூடியோவிலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுகிறது. பழைய ஃபோட்டோஷாப்பைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று டிசைனர் முடிவுசெய்கிறார். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் அந்த ஃபோல்டரைப் பிடித்து, ஷிஃப்ட் விசையோடு டெலிட்டை அழுத்துகிறார். சில ஜிபி இடம் கிடைத்துவிடுகிறது. தலைவலியும் அங்கேதான் ஆரம்பம்.

அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் செயலியைத் திறந்தால் ஃபோட்டோஷாப்புக்கு நேரே ‘இன்ஸ்டால்’ பொத்தானைக் காணோம். ‘ஓப்பன்’ என்றுதான் இருக்கிறது. அழுத்தினால் எதுவும் திறப்பதில்லை. சரி, முறைப்படி நீக்கிவிடலாம் என்று ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்தால் பிழைச் செய்தி வருகிறது. புதியதைப் போடவும் முடியாது, பழையதை எடுக்கவும் முடியாது. டிசைனர் தன் கையாலேயே அழித்த ஒன்றை இருக்கிறது என்று கணினி சாதிக்கிறதே, எதை வைத்து?

ஃபோல்டர் ஓரிடம், பதிவு வேறிடம்

ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990 பிப்ரவரியில், மேக்கின்டாஷ் கணினிகளுக்கு மட்டும், ஃபிளாப்பி வட்டுகளில் வந்தது. இன்றைய பதிப்பு ஜிபி கணக்கில் இடம் கேட்கிறது. அளவு பெருத்ததைவிடப் பெரிய மாற்றம், அது கணினியில் குடியேறும் விதத்தில் நடந்திருக்கிறது.

இன்ஸ்டாலர் என்று எல்லோரும் சொல்லும் நிறுவி, கோப்புகளை ஒரு ஃபோல்டரில் இறக்கிவைப்பதோடு நிற்பதில்லை. பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்புகளைப் பொது ஃபோல்டர் ஒன்றில் வைக்கிறது. உரிமம் தொடர்பான தகவலை வேறோர் இடத்தில் எழுதுகிறது. பயனரின் விருப்ப அமைப்புகளுக்கு அவருடைய பெயரிலுள்ள ஃபோல்டருக்குள் மறைவாக ஓர் அறை ஒதுக்குகிறது. கடைசியாக, “இன்ன மென்பொருள், இன்ன பதிப்பு, இன்ன இடத்தில் இருக்கிறது, இதை நீக்க வேண்டுமானால் இந்தக் கட்டளையை இயக்கு” என்று பதிவு செய்கிறது. விண்டோஸில் இந்தப் பதிவு போய்ச் சேரும் இடத்துக்கு ரெஜிஸ்ட்ரி, அதாவது பதிவேடு, என்று பெயர். விண்டோஸ் 95 காலத்திலிருந்து அந்த இயங்குதளத்தின் மையக் கணக்கு அதுதான். அடோபி போதாக்குறைக்குத் தன் தயாரிப்புகளுக்கென்று தனிக் கணக்கும் வைத்துக்கொள்கிறது.

வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினாலும் தாலுகா ஆபீசில் பட்டா பழைய பெயரிலேயே இருக்கும். கிரியேட்டிவ் கிளவுட் பார்ப்பது பட்டாவை. டிசைனர் இடித்தது வீட்டை.

நீக்கும் வேலைக்கான நிரலும் பல சமயம் அழித்த கோப்புகளை நம்பித்தான் இயங்குகிறது. அதனால்தான் ‘அன்இன்ஸ்டால்’ தடுமாறுகிறது. ஃபோட்டோஷாப் ஃபோல்டரை வெறுமனே குப்பைத்தொட்டிக்கு இழுக்காதீர்கள் என்று அடோபி தன் உதவிக் குறிப்புகளில் எச்சரிப்பதன் காரணமும் இதுவே. மேக் பயனர்களுக்கு அந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. அங்கே சிறு செயலிகளை ஐகானைப் பிடித்துக் குப்பையில் போட்டே பழகியிருப்பார்கள். அடோபியின் பொருள்களோ லைப்ரரி ஃபோல்டருக்குள் பல அறைகளில் பரவிக் கிடக்கும். பயனரின் சொந்த லைப்ரரி ஃபோல்டரை ஆப்பிள் 2011-ல் வந்த லயன் பதிப்பிலிருந்தே மறைத்து வைத்திருப்பதால், அது கண்ணிலும் படாது.

பாதியில் நின்ற வேலை

கையால் அழிப்பது ஒரு வழி. ஆள் எதுவும் செய்யாமலே இதே குழப்பம் வருவதும் உண்டு: நிறுவும்போது கரண்ட் போகிறது, வட்டில் இடம் தீர்கிறது, வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது.

இதைச் சமாளிக்க மைக்ரோசாஃப்ட் ஒரு நல்ல யோசனையை வங்கிக் கணினிகளின் உலகத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பணப் பரிமாற்றத்தில் ஒரு கணக்கில் கழிப்பதும் மற்றொன்றில் சேர்ப்பதும் இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. 1999-ல் ஆபீஸ் 2000 தொகுப்போடு வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் அதே விதியை மென்பொருளுக்கும் பொருத்திப் பார்த்தது. ஒரு கோப்பை மாற்றும் முன் பழையதை எடுத்து மறைவான ஃபோல்டர் ஒன்றில் வைக்கும். செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் அதைத் திருப்பிச் செய்யும் குறிப்பை எழுதிக்கொண்டே போகும். நடுவில் இடறினால், எழுதிய குறிப்பைப் பின்னாலிருந்து படித்தபடி தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். இதை மீள்சுருட்டல் எனலாம்.

ஏட்டில் அழகான ஏற்பாடு. நடப்பில் மீள்சுருட்டலே பாதியில் நிற்பதுண்டு. அப்போது அடுத்த நிறுவி வந்து பார்த்தால், முந்தைய வேலை ஒன்று தொங்கலில் கிடப்பது தெரியும். அதை முடிக்காமல் தன்னால் தொடர முடியாது என்று நின்றுவிடும். ஒரே நேரத்தில் இரண்டு நிறுவிகள் ஓடுவதையும் விண்டோஸ் இன்ஸ்டாலர் அனுமதிப்பதில்லை. 1618 என்ற பிழை எண் வந்தால் பொருள் அதுதான்: வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது, பொறு. 1603 என்ற எண்ணின் விளக்கமோ ‘நிறுவும்போது அபாயகரமான பிழை’ என்பதோடு முடிந்துவிடுகிறது. உருப்படியாக எதுவும் சொல்லாத இந்த எண்ணைப் பார்த்துத் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

மிச்சம் வைப்பது ஏன்?

முறைப்படி நீக்கினாலும் ஏதாவது எஞ்சத்தான் செய்கிறது. இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்குச் சுத்தமாகத் துடைத்தெடுக்கத் தெரியாதா என்று பலரும் கேட்பார்கள். தெரியாமல் என்ன? அப்படித் துடைக்கப் போனவர்கள் பட்ட பாடு இந்தத் துறைக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

1998 டிசம்பரில் பங்கி என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனம் ‘மித் 2’ என்ற விளையாட்டை வெளியிடத் தயாராக இருந்தது. அதன் நீக்கும் நிரல், விளையாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அந்த ஃபோல்டரை அப்படியே அழிக்கும். வழக்கமான இடத்தில் போட்டிருந்தால் பிரச்சினையில்லை. யாராவது அதை வட்டின் தலைமட்டத்திலேயே போட்டிருந்தால்? விளையாட்டோடு வட்டில் இருந்த அனைத்தும் போய்விடும். கடைசி நேரத்தில் கண்டுபிடித்து, தயாராகியிருந்த வட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

2016 பிப்ரவரியில் இதேபோன்ற இடறல் அடோபிக்கே நேர்ந்தது. மேக் கணினிகளுக்கான கிரியேட்டிவ் கிளவுட் மேம்படுத்தலில் இருந்த பிழை, வட்டின் தலைமட்டத்தில் அகரவரிசைப்படி முதலில் வரும் ஃபோல்டரின் உள்ளடக்கத்தை அழித்தது. பேக்பிளேஸ் என்ற காப்புநகல் சேவையைப் பயன்படுத்தியவர்களின் கணினியில் முதலில் நின்றது அந்தச் சேவையின் மறைவு ஃபோல்டர். காப்புநகல் எடுக்கும் மென்பொருளின் சொந்தக் கோப்புகளே காணாமல் போகத் தொடங்கியதால்தான் விஷயம் விரைவில் வெளியே வந்தது என்பது இதில் ஒரு வேடிக்கை. அடோபி அந்த மேம்படுத்தலை நிறுத்திவிட்டுத் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டின் முறை. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி அமைத்தவர்களின் கணினியில், பழைய இடத்தில் வெற்று ஃபோல்டர்கள் எஞ்சியிருக்கும். அந்த மிச்சத்தைத் துடைப்பது நல்லது என்று விண்டோஸ் 10-இன் 1809 மேம்படுத்தல் நினைத்தது. சிலரது பழைய ஃபோல்டர்கள் வெறுமையாக இல்லை. பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் புகார் வந்ததாக நிறுவனம் சொன்னது. ஆனாலும் மேம்படுத்தலை உடனே நிறுத்தி, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது.

இதனால்தான் பொறுப்பான நீக்கிகள் கஞ்சத்தனமாக நடந்துகொள்கின்றன. தான் கொண்டுவந்த கோப்புகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் எடுக்கும். பட்டியலில் இல்லாத ஒரு கோப்பு உள்ளே இருந்தால் ஃபோல்டரைத் தொடாது. பல மென்பொருள்கள் பகிரும் கோப்பாக இருந்தால், இன்னும் எத்தனை பேர் அதை நம்பியிருக்கிறார்கள் என்ற எண்ணைப் பதிவேட்டில் பார்த்து ஒன்றைக் குறைத்துவிட்டு நகரும். எண் பூஜ்யமானால்தான் கோப்பு போகும். விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற நீண்ட பெயரில் கன்ட்ரோல் பேனலில் வரிசையாக நிற்பவை இந்த ரகம். ஃபோட்டோஷாப்போடு வந்ததுதானே என்று அவற்றைத் தூக்கினால், சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டோ பில் போடும் மென்பொருளோ மறுநாள் திறக்காது.

துடைப்பத்தை யாரிடம் கொடுப்பது?

‘ஒரே கிளிக்கில் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யுங்கள்’ என்று கூவும் மென்பொருள்கள் கணக்கற்றவை. பதிவேட்டிலுள்ள எந்தக் குறிப்பு யாருக்குச் சொந்தம் என்பதை அவை ஊகிக்கின்றன. இத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. அதற்கு அனுபவமும் உண்டு. விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீன்அப் யுட்டிலிட்டி என்று மைக்ரோசாஃப்ட்டே ஒரு கருவியை வைத்திருந்தது. ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்ற மென்பொருள்களின் பதிவையும் அது கெடுத்ததால் 2010-ல் விலக்கிக்கொண்டது. இயங்குதளத்தை எழுதியவர்களுக்கே எட்டாத துல்லியம் எங்கிருந்தோ இறக்கிய இலவசக் கருவிக்கு எட்டும் என்று நம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பதிவை எழுதியவரிடமே அழிக்கச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். அடோபி அதற்கென்றே கிரியேட்டிவ் கிளவுட் கிளீனர் டூல் என்ற கருவியை இலவசமாகத் தருகிறது. எந்தக் குறிப்பைத் தான் எங்கே எழுதியது என்பது அடோபிக்குத் தெரியும்.

ஆல்பம் ஸ்டூடியோவின் கணினி

ஃபோல்டரை அழித்துவிட்டு விழித்துக்கொண்டிருக்கும் டிசைனரின் கணினிக்கு வரலாம். முதல் வேலை, கணினியை ரீஸ்டார்ட் செய்வது. சடங்காகத் தோன்றும் இதற்குள் விஷயம் இருக்கிறது. பயன்பாட்டில் உள்ள கோப்பை விண்டோஸால் அழிக்க முடியாது; ‘அடுத்த முறை தொடங்கும்போது அழிக்கவும்’ என்று பட்டியலிட்டு வைக்கும். அந்தப் பட்டியல் நிலுவையில் இருக்கும்வரை சில நிறுவிகள் முரண்டு பிடிக்கும். இங்கே ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதியை வட்டில் உறையவைத்து மறுபடி அப்படியே எழுப்புகிறது. புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

அடுத்து, காரணத்தை உறுதிசெய்வது. எல்லாப் பிழைக்கும் மிச்சக் கோப்புகள்மேல் பழிபோடுவது ஒரு வியாதி. இடம் இல்லை, விண்டோஸ் பதிப்பு பழையது, அனுமதி இல்லை என்ற சாதாரணக் காரணங்களே அதிகம். நிறுவி தன் நாட்குறிப்பை எழுதிவைத்திருக்கும்: புரோகிராம் ஃபைல்ஸில் காமன் ஃபைல்ஸ், அதற்குள் அடோபி, அதற்குள் இன்ஸ்டாலர்ஸ். அந்த லாக் கோப்பை நோட்பேடில் திறந்து, கடைசியிலிருந்து மேலாக ‘எரர்’, ‘ஃபேட்டல்’ என்ற சொற்களைத் தேட வேண்டும். விண்டோஸ் இன்ஸ்டாலரின் லாக் என்றால் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற சொற்றொடரைத் தேடுவது இந்த வேலை செய்பவர்களின் பழைய வித்தை. தோல்வி நடந்த இடம் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே இருக்கும்.

காரணம் மிச்சம்தான் என்று தெரிந்தபின்னும் கிளீனரைத் தொடக் கூடாது. டிசைனரின் சொத்து இன்னும் உள்ளே கிடக்கிறது. ஆப்டேட்டா என்ற மறைவு ஃபோல்டருக்குள் ரோமிங், அதற்குள் அடோபி என்று போனால், ஃபோட்டோஷாப் செட்டிங்ஸ் ஃபோல்டர் இருக்கும். பல வருடம் சேர்த்த ஆக்‌ஷன்கள், பிரஷ்கள், வண்ணத் தட்டுகள் எல்லாம் அங்கேதான். ஒரு முகூர்த்த நாளின் நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே சொடுக்கில் நிறம் திருத்தும் ஆக்‌ஷன் ஒன்று போனால், போனது மென்பொருளைவிட விலை கூடியது. அந்த அடோபி ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவில் நகலெடுத்த பிறகே அடுத்த அடி. கூடவே விண்டோஸின் சிஸ்டம் ரீஸ்டோரில் ஒரு மீட்புப் புள்ளியும் வைத்துக்கொள்ளலாம். அது பதிவேட்டைத் திருப்பித் தரும், படங்களைத் தராது.

கிளீனர் விண்டோஸில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் திறக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்க வேண்டும். மொழி கேட்கும், நிபந்தனைகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும், பிறகு கணினியிலுள்ள அடோபி பொருள்களை எண்ணிட்டுப் பட்டியல் போடும். நிதானம் தேவைப்படும் இடம் இது. எல்லாவற்றையும் நீக்கும் தேர்வும் அந்தப் பட்டியலில் உண்டு. அவசரத்தில் அதைக் கொடுத்தால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிரீமியரும் இல்லஸ்ட்ரேட்டரும் சேர்ந்து போகும். பழுதான ஃபோட்டோஷாப் பதிப்பின் எண்ணை மட்டும் கொடுத்து உறுதிசெய்தால், கருவி பதிவேட்டிலும் அடோபியின் சொந்தக் கணக்கிலும் அதன் குறிப்புகளை நீக்கும்.

இதற்குப் பிறகும் அந்தப் பதிப்பின் பெயரில் ஃபோல்டர் எங்காவது கண்ணில் பட்டால் அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். பெயருக்குப் பின்னால் ‘பழையது’ என்று சேர்த்துவிட்டால் நிறுவியின் கண்ணுக்கு அது இல்லாததுதான். மனிதருக்கோ இன்னும் இருக்கிறது. 50 ஜிபி ஃபோல்டரானாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடியும், ஏனென்றால் வட்டின் அட்டவணையில் பெயர் மட்டும்தான் மாறுகிறது, தரவு இடம்பெயர்வதில்லை. டெலிட்டும் அட்டவணையில் ‘இந்த இடம் காலி’ என்று எழுதுவதுதானே, தேவைப்பட்டால் மீட்டுக்கொள்ளலாமே என்று பழைய சுழல்வட்டு நாட்களில் சொல்வார்கள். எஸ்எஸ்டி வட்டுகளில் அந்தச் சலுகை குறைவு. டிரிம் என்ற கட்டளை வழியாக இயங்குதளம் காலியான இடத்தை வட்டுக்கு அறிவித்துவிடும். வட்டு தன் போக்கில் அதைத் துடைத்து வைத்துக்கொள்ளும்.

இப்போது கிரியேட்டிவ் கிளவுட்டை மூடித் திறந்தால், ஃபோட்டோஷாப்புக்கு நேரே ‘இன்ஸ்டால்’ என்று இருக்கும்.

நிறுவியாயிற்று, உள்ளே விட மறுக்கிறது

சில கணினிகளில் கதை இன்னும் முடியாது. மென்பொருள் இறங்கிவிடும், கணக்கில் உள்நுழைய மட்டும் முடியாது. இணையம் நன்றாக வேலை செய்யும். அடோபியின் சேவையகம் மட்டும் எட்டாது. இதற்கும் ஒரு மிச்சம் காரணமாக இருக்கலாம், ஆனால் அடோபி பெயரிட்ட எந்த ஃபோல்டரிலும் தேடிப் பயனில்லை.

விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டருக்குள் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில், பின்னொட்டு எதுவும் இல்லாத ஒரு சிறு எழுத்துக் கோப்பு இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்ற பட்டியல் முழுவதும் இப்படி ஒரே கோப்பில்தான் இருந்தது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் முறை வந்த பிறகு அந்தக் கோப்புக்கு வேலை குறைந்தது, மதிப்பு குறையவில்லை. இன்றும் கணினி வெளியே விசாரிக்கும் முன் அந்தப் பட்டியலுக்குத்தான் செவிசாய்க்கிறது. திருட்டுப் பதிப்புகளை ஓட்டுபவர்கள், உரிமம் சரிபார்க்கும் அடோபி சேவையகங்களின் பெயர்களை இந்தக் கோப்பில் எழுதி, அவை இந்தக் கணினிக்குள்ளேயே இருப்பதாகப் பொய்முகவரி கொடுத்துவிடுவார்கள். பிறகு மனம் மாறிச் சந்தா கட்டினாலும், கைமாறி வந்த செகண்ட்ஹேண்ட் கணினியாக இருந்தாலும், அந்த வரிகள் அங்கேயே கிடக்கும். காசு கொடுத்தவருக்குக் கதவு திறக்காது.

கிளீனர் கருவியில் ஹோஸ்ட்ஸ் கோப்பைச் சரிசெய்வதற்குத் தனித் தேர்வே உண்டு. அடோபி எத்தனை முறை இந்தப் புகாரைக் கேட்டிருக்கும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

பழைய அமைப்புகளைத் திரும்பச் சேர்ப்பது

நகலெடுத்து வைத்த செட்டிங்ஸ் ஃபோல்டரை அப்படியே பழைய இடத்தில் கொட்டிவிட ஆசை வரும். முதலில் புதிய ஃபோட்டோஷாப்பை வெறுமையாகவே ஓரிரு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சிதைந்த அமைப்புக் கோப்பு தனி ஒரு நோய். நிறுவல் சரியாக இருந்தாலும் திறக்கும்போதே நிரலைச் சாய்க்கும் அளவுக்கு அதற்குச் சக்தி உண்டு. பலர் ஃபோட்டோஷாப்பை நீக்கி நீக்கிப் போட்டும் கோளாறு தீராமல் தவிப்பதன் காரணம், ஒவ்வொரு முறையும் “அமைப்புகளை வைத்துக்கொள்ளவா?” என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்வதுதான். அந்தச் சந்தேகம் வந்தால் மறுநிறுவலே தேவைப்படாது. ஃபோட்டோஷாப்பைத் தொடங்கியவுடன் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், அமைப்புகளை அழித்துவிடவா என்று கேட்கும்.

வெறும் ஃபோட்டோஷாப் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, நகலிலிருந்து ஆக்‌ஷன்களுக்கான கோப்பை மட்டும் முதலில் எடுத்து வைத்து, திறந்து பார்த்து, அடுத்து பிரஷ், அடுத்து வண்ணத் தட்டு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவரலாம். எதைச் சேர்த்தபோது நிரல் சாய்ந்ததோ அதுதான் குற்றவாளி. அதை விட்டுவிட்டு மற்றவற்றோடு வேலையைத் தொடரலாம். ஆக்‌ஷன்கள் உள்ளே வந்தவுடன் அந்தப் பேனலிலிருந்தே ‘சேவ் ஆக்‌ஷன்ஸ்’ கொடுத்துத் தனிக் கோப்பாகச் சேமித்தால், அடுத்த முறை மறைவு ஃபோல்டர்களுக்குள் தலையை நுழைக்க வேண்டியிருக்காது. ‘பழையது’ என்று பெயர் மாற்றிய ஃபோல்டர்களை, ஓர் ஆல்பம் முழுதாக முடிந்து பிரிண்டுக்குப் போன பிறகு நீக்கிக்கொள்ளலாம்.